எது மேல் பக்கம்?

ஒரகடத்தில் ஒரு நிலத்தைச் சுற்றித் தகர வேலி எழும்பினால், உள்ளே முதலில் நுழையும் வண்டிகளில் எங்களுடையதும் ஒன்றாக இருக்கும். முக்காலி, வின்ச், தண்ணீர் பம்பு, டீசல் கேன், ஆட்கள் சமைத்துச் சாப்பிட ஒரு ஸ்டவ். நாளைக்கு அங்கே கார் உதிரிபாகமோ டயரோ செய்யப்போகும் கட்டடத்தின் தூண்கள் எதன்மேல் நிற்கும் என்று சொல்வது எங்கள் வேலை. ஊரில் இதற்கு மண் டெஸ்ட் என்று பெயர். 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடிப்போம். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆகிறது என்று எண்ணுவோம். நூறு அடிக்கும் இறங்கவில்லை என்றால் ‘ரெஃப்யூசல்’ என்று எழுதிவிட்டு, வைர முனையை மாட்டிச் சுழற்றிப் பாறையையே உருளையாக வெளியே எடுப்போம். அந்த உருளைக்குக் கோர் என்று பெயர். மரப்பெட்டியில் ஆழ வரிசைப்படி அடுக்கி வைப்போம்.

கோர் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பத்து சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி ஆர்.க்யூ.டி. என்ற பாறைத் தரக் கணக்குப் போடுவதெல்லாம் பிறகு. நிறம், கடினம், வெடிப்பு எழுதுவதும் பிறகு. குழாயிலிருந்து துண்டு கையில் விழுந்த கையோடு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பெயின்ட்டில் அம்புக்குறி போட்டாக வேண்டும். எங்கள் ட்ரில்லர் அண்ணன் வந்தவாசிப் பக்கத்துக்காரர். போர் மிஷின் சத்தத்தை வைத்தே கீழே களியா கல்லா என்று சொல்லக்கூடியவர். அவருக்கு மட்டும் இந்த அம்பு ஒரு வேடிக்கை. “கல்லுல மேலென்ன சார், கீழென்ன? எந்தப் பக்கம் பாத்தாலும் கல்லுதானே!” என்பார். “பொறுங்கண்ணே, ஒருநாள் அந்தமான் கூட்டிட்டுப் போறேன்” என்பேன் நான்.

மலை எழும்பும்போது ஆழ்கடல் அடுக்குகள் எப்படி நெரிந்து மடிகின்றன என்பது என் படிப்பு. பிழைப்பு ஸ்ரீபெரும்புதூர் சாலையில். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மடிந்து கவிழ்ந்து கிடக்கும் அடுக்கை அடையாளம் காணும் கண், மடியாத அடுக்கைக் கையில் பிடித்துப் பிடித்துத்தான் வருகிறது. அதற்கு இந்தப் பகுதியைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குக் கிடைத்திருக்காது.

இங்கே காலுக்கடியில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. மேலே கொட்டி நிரப்பிய சவுடு. அதன்கீழ் களி. பிறகு மஞ்சள், வெள்ளை, இளம்பச்சை நிறங்களில் சிராய் சிராயாக உரியும் ஷேல், நடுநடுவே மணற்கல். புவியியலாளர்கள் இதை ஸ்ரீபெரும்புதூர் படிவம் என்று ஊர்ப்பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். 1863இல் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட், இந்த அடுக்குகளையும் நடந்து நடந்து வரைந்தார். இவற்றிலும் இவற்றை ஒத்த கடலோரப் படிவங்களிலும் கிடைத்த இலைப் புதைபடிவங்களை ஃபைஸ்ட்மான்டல் என்ற ஆய்வாளர் 1879இல் விவரித்து எழுதினார். சைகஸ் சாயலுள்ள டைலோஃபில்லம் இலைகளும் இங்கே உண்டு, அம்மோனைட் என்ற கடல் உயிரியின் தடங்களும் உண்டு. இலை உதிர்ந்து வந்து சேரும் அளவுக்குக் கரை பக்கத்தில் இருந்திருக்கிறது. ஆகவே இது ஆழ்கடல் வண்டல் அல்ல, கரையோரக் கடலின் வண்டல். வயது 12, 13 கோடி ஆண்டு. அதன் அடித்தளம் வண்டலூரிலும் பல்லாவரத்திலும் தலைநீட்டி நிற்கும் சார்னோக்கைட். அதற்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

இந்த வண்டல் தங்குவதற்குப் பள்ளம் எப்படி வந்தது? நிலம் இழுபட்டதால் வந்தது. அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்த இந்தியாவின் கிழக்குக் கரை பிரியத் தொடங்கியபோது, பழைய கருங்கல் பிளந்து, சில துண்டுகள் கீழே இறங்கின. இறங்கிய இடங்களில் வண்டல் நிரம்பியது. பாலாற்றுப் படுகையின் கதை இதுதான். இழுபட்ட நிலத்தில் அடுக்குகள் மடிவதில்லை. கிழக்கே கடலைப் பார்த்து லேசாகச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கோர் பெட்டியில் ஷேலின் படுகைக் கோடுகள் உருளைக்குக் கிட்டத்தட்ட நேர்க்குறுக்காக வரும். மேலே கிடப்பது இளையது, கீழே கிடப்பது மூத்தது. சந்தேகமே வேண்டாம்.

(இடையில் ஒன்று. இந்த ஷேலுக்கு மேலே வரும் சத்தியவேடு, அல்லிக்குழிக் குன்றுகளின் கூழாங்கல் பாறைகளிலிருந்து உதிர்ந்த குவார்ட்சைட் கற்களைத்தான் அதிரம்பாக்கத்து ஆதி மனிதர்கள் கோடரியாகச் செதுக்கினார்கள். கல்லைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் தொழிலில் இந்த வட்டாரத்தில் எங்களுக்கு நிறைய முன்னோர்கள்.)

சிக்கல் இல்லை என்று சொன்னேனே, ஒரு பொறி உண்டு. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் களியைப் பிட்டுப் பார்த்துவிட்டு முகம் மாறி ஓடி வருவார்கள். “சார், ஃபால்ட் இருக்கு!” கையில் உள்ள களித்துண்டின் பக்கம் வழவழவென்று மின்னும், அதன்மேல் கீறல் கோடுகள் இருக்கும். ஒரு பாளம் இன்னொன்றின்மேல் உரசிச் சறுக்கிய வழுக்குத்தடம் அது. பாடப்புத்தகத்தில் பிளவுப் பெயர்ச்சிக்கு அடையாளமாகப் போட்டிருக்கும் அதே தடம். ஆனால் இது மலையின் வேலையோ பிளவின் வேலையோ இல்லை. மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் ஏறும்போது களி உப்புகிறது, கோடையில் சுருங்குகிறது. உப்பும்போது இடம் போதாமல் பாளங்கள் ஒன்றையொன்று இடித்துச் சறுக்குகின்றன. அப்போது விழுந்த தடம்தான் கையில் இருக்கிறது. எப்படிப் பிரித்தறிவது? தடங்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும், மழையும் வெயிலும் எட்டும் ஆழம் தாண்டினால் மறைந்துபோகும், எந்த அடுக்கையும் இடம்பெயர்த்திருக்காது. உண்மையான பெயர்ச்சியில் கோடுகள் ஒரே பேச்சைப் பேசும். கட்டடக்காரருக்கு இரண்டும் தொல்லைதான். அஸ்திவாரத்துக்கு எழுதும் மருந்து மட்டும் வேறு.

இனி அந்தமான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பள்ளம் விழுந்த அதே காலத்தில் பிரிந்த நிலம் வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதத் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடலின் அடிவண்டல் நசுங்கி மேலேறியது. லடாக்கின் லாமாயுருவில் சுற்றுலாப் பயணிகள் ‘நிலா நிலம்’ என்று படம் பிடிக்கும் மஞ்சள் மேடு ஒரு பழைய ஏரியின் களிமண், நேற்று வந்தது. அதைச் சுற்றிக் கருத்துச் சுருண்டு நிற்கும் மலைதான் அந்த ஆழ்கடல் வண்டல். அதை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர்க்காரனுக்கு லடாக்கைவிட அந்தமான் நெருக்கம். இதே கடலின் எதிர்க்கரை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். இறங்கியதும் தமிழ் காதில் விழும்.

அங்கே நடப்பது கண்டங்கள் முட்டிக்கொள்ளும் மோதல் இல்லை. இந்தியத் தட்டின் கடல்தளம் தீவுகளுக்கு அடியில் கிழக்கு நோக்கிச் செருகிக்கொண்டு போகிறது. போகும்போது தன்மேல் ஏற்றிவந்த வண்டலையெல்லாம் உடன் கொண்டுபோக முடியாமல் வாசலிலேயே வழித்துப் போட்டுவிட்டுப் போகிறது. வழித்த பாளங்கள் ஒன்றின்கீழ் ஒன்றாகச் செருகி அடுக்கடுக்காக உயர்ந்ததுதான் அந்தத் தீவுகள். பாளத்துக்கும் பாளத்துக்கும் இடையே உள்ள சறுக்குதளம்தான் த்ரஸ்ட். தமிழில் உந்துப் பிளவு. அவை வடக்குத் தெற்காக ஓடிக் கிழக்கே சரிந்து இறங்குகின்றன. கிழக்கில் இருக்கும் பாளம் மேற்கில் இருப்பதன்மேல் ஏறி உட்காருகிறது. கடல்தளத்தின் அடிக்கல்லே பெயர்ந்து மேலே வந்த இடங்களும் உண்டு. வட அந்தமானில் 732 மீட்டர் உயரத்தில் நிற்கும் சேடில் பீக், தீவுகளின் உச்சி, அப்படிப்பட்ட பழைய கடல்தளப் பாறை.

இந்தச் சிகரத்தைவிட எனக்குப் பிடித்தது போர்ட் பிளேர் பக்கத்துக் கார்பின்ஸ் கோவ் கடற்கரை ஓரத்துப் பாறைகள். அந்தமான் ஃபிளிஷ் என்று பெயர். மூன்று கோடி ஆண்டு வாக்கில் ஆழ்கடலில் படிந்தவை. மணற்கல், ஷேல், மணற்கல், ஷேல் என்று கோடு போட்டுக்கொண்டே போகும். கடல் வற்றம் இருக்கும் வேளையில் போனால் அலை கழுவிவிட்ட முகத்தில் ஒவ்வொரு மணல் வரியும் தெரியும். முதல் தடவை என்னைக் கூட்டிப்போன ஆட்டோ ஓட்டுநரின் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து போனவராம். “பீச்சுக்கு வந்துட்டுக் கடலுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிற ஆளை இப்பத்தாண்ணே பாக்குறேன்” என்றார்.

இத்தனை ஆழத்தில் மணல் எப்படி வந்தது? இது வெகுகாலம் யாருக்கும் புரியாத கேள்வி. 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்தது. அட்லாண்டிக் கடலடியில் கிடந்த தந்திக் கேபிள்கள் அறுந்தன. மையத்துக்குப் பக்கத்தில் இருந்தவை உடனே போயின, சரிவில் கீழே இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக. கடைசிக் கேபிள் அறுந்தபோது பதின்மூன்று மணி நேரம் கடந்திருந்தது. அறுந்த நேரங்கள் தந்தி நிலையங்களில் பதிவாகியிருந்தன. ஹீசன், யூவிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் அந்த நேரங்களை வைத்துக் கணக்குப் போட்டார்கள். சேறும் மணலும் கலந்த கலங்கல் நீரோட்டம் ஒன்று, ரயில் வேகத்தில் கடலடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நம் வங்கக் கடலிலும் இதே ஓட்டம்தான் வேலை செய்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் இமயமலை மண், கடலடிக் கால்வாய்கள் வழியே இலங்கைக்கும் தெற்கே வரை, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி அது. மெரினாவிலிருந்து கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் ஆழத்தில் தட்டுப்படுவது இமயமலைதான், தூளாக.

ஓட்டம் தளரும்போது சுமையை ஒழுங்காக இறக்கிவைக்கும். பருமணல் முதலில், பிறகு பொடிமணல் தட்டையான வரிகளாக, அதன்மேல் சிற்றலை போட்ட மணல், பிறகு வண்டல், கடைசியில் சேறு. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைப் பாறைகளைப் பார்த்து ஆர்னால்ட் பௌமா 1962இல் இந்த ஐந்து படிகளை வரையறுத்தார். எல்லாப் படியும் எல்லா அடுக்கிலும் இருக்காது. ஆனாலும் எதற்கு மேல் எது என்ற வரிசை மாறாது. இயற்கை போட்ட அம்புக்குறி இது. பருமணல் பக்கம் கீழ், சேற்றுப் பக்கம் மேல்.

கார்பின்ஸ் கோவில் முதலில் செய்யவேண்டிய வேலையும் இதுதான். அடுக்குகள் செங்குத்துக்குப் பக்கமாக எழுந்து நிற்கும் இடத்தில் எது முதலில் படிந்தது என்று பார்வைக்குத் தெரியாது. லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, மணல்மணி எந்தப் பக்கம் சிறுத்துக்கொண்டே போகிறது என்று பார்க்க வேண்டும். விரலையும் நம்பலாம். பருமணல் பக்கம் சொரசொரக்கும், மறுபக்கம் வழுக்கும். அதோடு அடுக்கின் அடிப்பரப்பைத் தேடிப் போக வேண்டும். ஓட்டம் பாய்ந்தபோது கீழிருந்த சேற்றை அங்கங்கே குடைந்திருக்கும், குடைந்த குழியில் மணல் நிரம்பியிருக்கும். பின்னால் சேறு அரித்துப் போனதும், மணற்கல்லின் அடியில் அந்தக் குழிகள் புடைப்புகளாகத் தொங்கும். புடைப்பின் முனை எந்தப் பக்கம் பருத்திருக்கிறதோ அங்கிருந்து ஓட்டம் வந்தது, விரிந்து மங்கும் பக்கம் போனது. ஒரே புடைப்பு இரண்டு சேதி சொல்லும். இது அடிப்பக்கம், தண்ணீர் இந்தத் திசையில் போனது. காம்பஸில் அளந்து, சாய்ந்த அடுக்கைத் தாளில் படுக்கைநிலைக்குத் திருப்பினால் மூன்று கோடி ஆண்டு முந்திய நீரோட்டத்தின் திசை கிடைக்கும். மேல் கீழ் தவறியிருந்தால் அதுவும் தவறாகத் திரும்பும்.

அடுக்குக்கு அடுக்கு இதை எழுதிக்கொண்டு நடந்தால் ஓரிடத்தில் அம்பு திரும்பும். அதுவரை கிழக்கே இளமையாகிக்கொண்டு போன அடுக்குகள் திடீரென்று மேற்கே இளமையாகும். பாறையின் சாய்வில் மாற்றமே தெரியாது, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி வரிசையாக நிற்கும். ஆனால் நடுவில் ஒரு மடிப்பின் முடிச்சை, அதாவது அடுக்கு வளைந்து திரும்பும் இடத்தை, தாண்டி வந்துவிட்டோம். முடிச்சின் இருபுறமும் நீளும் மடிப்பின் கால்களில் ஒன்று கவிழ்ந்திருக்கிறது. அம்பைப் பார்க்காதவர் அங்கே ஒரே கனமான அடுக்குத்தொகுதி இருப்பதாக எழுதி, ஒன்றையே இரண்டு தடவை எண்ணி, கனத்தை இரட்டிப்பாக்கிவிடுவார்.

இது புதியவர்களின் தடுமாற்றம் மட்டும் இல்லை. ஸ்காட்லாந்து உயர்நிலத்தின் பெரிய மடிப்புகளை 1910இல் வரைந்து புகழ்பெற்றவர் எட்வர்ட் பெய்லி. 1920களின் இறுதியில் கனடாவின் டான்டனும் நார்வேயின் ஃபோக்ட்டும் அங்கே வந்து, மணற்கல்லின் படிவுக் கோடுகளைக் காட்டி, வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டார்கள். பெய்லி அவர்கள் காட்டியதை ஏற்று, 1930இல் கட்டுரை எழுதித் தன் படத்தை மாற்றினார். அத்தனை மலையும் அத்தனை வருஷ உழைப்பும் ஒரு கைப்பிடிக் கல்லின் மேல்பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெய்லியின் மடிப்புகளைவிட இந்த மனமாற்றத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

மடிப்பு எப்படி நடக்கிறது என்பதை விளக்க நான் ஒரகடத்து பிரஸ் ஷாப்பைத்தான் துணைக்கு அழைப்பேன். தகட்டை டையில் வைத்து வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நடுவில் ஒரு கோட்டில் இரண்டும் இல்லை. கனத்த மணற்கல் அடுக்கும் அப்படியே. மடிப்பின் வெளி வளைவில் வெடித்து, அந்த வெடிப்பில் வெள்ளையாகக் கால்சைட் நிரம்பியிருக்கும், உள்வளைவில் சிறு சிறு தள்ளல்கள் இருக்கும். ஒரு தகட்டுக்குப் பதில் எண்ணெய் தடவிய பத்துத் தகடுகளை அடுக்கி வளைத்தால்? அவை ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும், ஓரங்கள் படிப்படியாக வெளியே நீளும். ஃபிளிஷில் அந்த எண்ணெயின் வேலையை ஷேல் செய்கிறது. மணற்கல்லின் மேல்முகத்தில் மடிப்பின் முடிச்சுக்குக் குறுக்காகக் கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். அடுக்கும் அடுக்கும் சறுக்கிக்கொண்ட தடம் அது. முடிச்சின் உச்சியில் சறுக்கல் இல்லை, கால்களில் அதிகம். ஒரகடத்துக் களியின் சிதறிய கீறல்களைப் பார்த்துப் பழகியவனுக்கு, ஒரே திசையில் அணிவகுக்கும் இந்தக் கோடுகள் எவ்வளவு ஒழுங்கானவை என்று சட்டென்று புரியும்.

கனமும் கணக்கில் வரும். கனத்த மணற்கல் பெரிய வளைவாக மடியும், விரல் கனத்து வரிகள் சிறு சிறு நெளிவாக மடியும். ஒரே பாறைமுகத்தில் இரண்டும் இருந்தால், இரண்டு தடவை மலை நெருக்கியது என்று எழுதத் தோன்றும். தேவையில்லை. ஒரே நெருக்கல், கனம்தான் வேறு.

த்ரஸ்டை நெருங்க நெருங்கப் பாறையின் குணம் மாறுகிறது. தூரத்தில் அகலமான, சோம்பேறித்தனமான மடிப்புகள். பிறகு அவை இறுகி, கால்கள் ஒட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுக்கும். சாய்ந்து படுத்த திசை, மேல் பாளம் நகர்ந்த திசைக்குச் சாட்சி. அந்தமானில் அது பெரும்பாலும் மேற்கு. இன்னும் நெருங்கினால் மடிப்பின் கவிழ்ந்த கால் மெலிந்து, இழுபட்டு, அறுந்துபோகும். மணற்கல் துண்டு துண்டாகப் பிரிந்து, ஷேலுக்குள் மிதக்கும் கட்டிகளாக ஆகும். ஷேல் செதில் செதிலாக மின்னும், கையால் உதிர்த்தால் செதிலுக்குள் செதில், எல்லாப் பக்கமும் பளபளப்பு. இந்த நிலையில் பௌமாவின் ஐந்து படியைத் தேடிப் பயனில்லை. ஆனால் ஒரு கட்டியின் உள்ளே மணல்மணி சிறுத்துப் போகும் வரிசை தப்பிப் பிழைத்திருக்கும் சமயங்கள் உண்டு. நான் அந்தக் கட்டிகளைத் தேடித்தான் நேரத்தைச் செலவழிப்பேன். சுற்றிலும் எல்லாம் குழைந்த இடத்தில் ஓர் அம்பு கிடைத்தால் பக்கத்துப் பத்து மீட்டருக்கு அதுவே வழிகாட்டி.

பல கிலோமீட்டர் அகலமுள்ள பாளம், உடையாமல் எப்படி இன்னொன்றின்மேல் ஏறிச் சறுக்கும்? உராய்வைக் கணக்குப் போட்டால் தள்ளும் முனையே முதலில் நொறுங்க வேண்டும். ஹப்பர்ட், ரூபி என்ற இரு ஆய்வாளர்கள் 1959இல் இதற்கு விடை சொன்னார்கள்: உள்ளே சிக்கிய தண்ணீர். சேறு வேகமாகப் புதையும்போது அதிலுள்ள நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மேல் பாளத்தின் எடையில் பெரும் பங்கைத் தானே தாங்கிக்கொள்ளும். உராய்வு குறைகிறது, பாளம் நழுவுகிறது. இதைப் புத்தகத்தில் படித்து நம்பாதவர்கள் பாரதாங் தீவுக்குப் போகலாம். அங்கே சேற்று எரிமலை குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. ஆழத்தில் நெருக்குண்ட நீரும் வாயுவும் சேற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் வாசல் அது. 2004 நிலநடுக்கத்தை அடுத்து அது பொங்கி வழிந்தது. அஸ்திவாரக் குழியில் நீர் அழுத்தம் ஏறிக் களி நழுவுவதைப் பார்த்த சிவில் எஞ்சினியர்கள் இந்த விளக்கத்தை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். கணிதம் ஒன்றுதான்.

மடிந்த பாறையைக் கண்டால் உடனே த்ரஸ்ட் என்று எழுதிவிடவும் கூடாது. ஆழ்கடல் வண்டலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மலை நெருக்குவதற்கு முன்பே, இன்னும் குழைவாக இருக்கும்போதே, சரிவில் வழுக்கிச் சுருண்டுவிடும். அதுவும் மடிப்புதான், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் முதலில் பார்ப்பது சுருண்ட அடுக்கின் மேலும் கீழும். சேறாக இருந்தபோது சுருண்டதென்றால் மேலே வந்து படிந்த அடுக்கு சுருளின் தலையைத் தட்டையாக வெட்டி, தான் சமமாகப் படுத்திருக்கும். அடுத்தது வெடிப்பு. குழைந்த மணல் வெடிக்காது, கால்சைட் நரம்பு ஓடாது, ஒன்றோடொன்று இழைந்து கிடக்கும். மடிப்பு அச்சுகளின் திசையையும் அளந்து பார்ப்பேன். மலை போட்ட மடிப்புகள் ஓர் ஒழுங்குக்குள் நிற்கும். இத்தனை பார்த்தும் தீராத இடங்கள் இருக்கும். சரிவில் சுருண்டதையே பின்னால் மலையும் நெருக்கியிருந்தால் நோட்டில் இரண்டையும் எழுதிவிட்டு அடுத்த பாறைக்குப் போவேன்.

லடாக்கில் கையாளும் ஒரு வழி அந்தமானில் அவ்வளவாக உதவாது. லாமாயுருவில் ஷேல் ஆழத்தில் வெந்து, மடிப்பின் நடுத்தளத்துக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளக்கும் சிலேட் ஆகியிருக்கிறது. அங்கே மணல்மணி தேய்ந்துபோன இடத்திலும் பிளவு ஏடு சேதி சொல்லும். படுகையும் ஏடும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்போது, ஏடு படுகையைவிடச் செங்குத்தாக இருந்தால் அடுக்கு நேராக நிற்கிறது. படுகை ஏட்டைவிடச் செங்குத்து என்றால் கவிழ்ந்திருக்கிறது. ஒரே தடவை மடிந்த பாறைக்கு மட்டுமே இது சரி. இரண்டு தடவை மடிந்த இடத்தில் இதை நம்பினால் காலை வாரிவிடும். அந்தமான் ஷேல் அந்த அளவுக்கு வேகவில்லை, செதிலாகிறதே ஒழிய ஏடாவதில்லை. ஆகவே அங்கே லென்ஸும் விரலும்தான் கதி.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. இமயமலையிலிருந்து இறங்கிய பழைய வங்க விசிறியின் துண்டு என்று ஒரு கட்சி. மியான்மர்ப் பக்கத்து எரிமலை வரிசையும் கண்டப் பாறையும் கலந்து தந்தது என்று இன்னொரு கட்சி. மணலுக்குள் இருக்கும் சிர்கான் துகள்களின் வயதை அளந்து வாதாடுகிறார்கள். என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், கலப்பு என்பேன். கடலடி ஓட்டத்துக்கு ஊர்க் கட்டுப்பாடு கிடையாது.

இதெல்லாம் பழங்கதையும் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவிலிருந்து வட அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தத் தட்டு எல்லை அவிழ்ந்தது. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வடமேற்கு அந்தமானில் பவளப்பாறைகள் நீருக்கு வெளியே எழுந்து காய்ந்தன. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் இன்றும் கடல்நீர் நிற்கிறது. ஃபிளிஷில் நான் அளக்கும் மடிப்புகள் இப்படிப்பட்ட எத்தனையோ நொடிகளின் கூட்டுத்தொகை.

தொழிலுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களை அந்தமான் நெடுஞ்சாலைக்கு மலையை வெட்டிய இடங்களுக்குக் கூட்டிப்போவேன். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் ஊர். படுகை சாலையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் பக்கம், மழை ஷேலுக்குள் இறங்கியதும் மேலே உள்ள மணற்கல் பலகை பலகையாகச் சாலையில் வந்து விழும். எதிர்ப்பக்கம், மலைக்குள்ளே சாய்ந்திருக்கும் அடுக்கு, அதே பாறை, அதே மழை, பெரும்பாலும் நின்றுவிடும். கவிழ்ந்ததா நேரா என்பது வழுக்கலுக்குப் பொருட்டில்லை. ஆனால் அடுத்த வெட்டு எங்கே, சாய்வு எங்கே மாறும், மடிப்பின் முடிச்சு சாலையை எந்த இடத்தில் தாண்டும், செதில் ஷேல் எத்தனை அகலத்துக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அந்த மேல்பக்கம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நூறு மீட்டருக்கு ஒரு போர் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். அந்தச் செலவைச் சொன்னால் கான்ட்ராக்டர்களும் கல்லின் மேல்பக்கம் எது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.